பொழுதுபோக்குத் தொழிலில் ஜெயித்த முதலாளிகளிடம் உண்மையில் என்ன குணம் இருந்தது?

யாழினி_திரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து வெப் சீரிஸ் எடுக்கும் சின்ன கம்பெனி ஒன்றை நடத்துகிறோம். முதலில் எடுத்த காமெடித் தொடர் ஓரளவு ஓடியது. அந்தத் தெம்பில் அடுத்ததற்குப் பணம் தேடிப் போனோம். முதலீடு செய்ய வந்தவர் கதையைக் காதிலேயே வாங்கவில்லை. "உங்க மூணு பேர்ல யாரும்மா லீடர்? அஞ்சு வருஷம் கழிச்சு இந்தத் தொழில் எங்க நிக்கும்னு யாருக்குத் தெரியும்? அந்த ஆளை முன்னாடி உட்கார வைங்க" என்றார். நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து தலைமைப் பண்பு பற்றிய கட்டுரைகளாகப் படித்துத் தள்ளினேன். தன்னம்பிக்கை, விடாமுயற்சி, ரிஸ்க் எடுக்கும் துணிச்சல் என்று எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. இதெல்லாம் கடையை மூடியவர்களுக்கும் இருந்திருக்குமே!

என் சந்தேகம் இதுதான். ஜெமினி வாசன், ஏவி.எம். செட்டியார், மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் மாதிரி பழைய சினிமா ஸ்டுடியோ முதலாளிகளிடம் மற்றவர்களிடம் இல்லாத எது இருந்தது? தொழிலுக்குள் இருந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

---

பாக்ஸ்ஆபீஸ்_பாண்டி:

குணமா? கடன் கொடுத்தவன் வாசலில் நிற்கும்போது சிரித்த முகத்தோடு காபி சாப்பிடச் சொல்லும் குணம். அது இருந்தால் பாதி கிணறு தாண்டியாச்சு. மிச்சப் பாதியைப் பெரியவர் யாராவது வந்து சொல்வார்கள், நானும் காத்திருக்கிறேன்.

---

வவுச்சர்_மாமா:

பாண்டி சொன்னது விளையாட்டுப் பேச்சு இல்லை யாழினிம்மா. ஆனால் அது தப்பிப் பிழைக்கத்தான் உதவும்.

நான் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். ஃபிலிம் பெட்டி காலத்தில் நுழைந்து ஹார்டு டிஸ்க் காலத்தில் வெளியே வந்தேன். கால்ஷீட் போட்டு, தினப்படியான பேட்டா கொடுத்து, வவுச்சர் எழுதியே காலம் போச்சு. பல முதலாளிகளைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தைரியம் எல்லோரிடமும் இருந்தது. தைரியம் இல்லாதவன் இந்தத் தொழிலுக்கு வரவே மாட்டான். ஆளுக்கு ஆள் வித்தியாசப்பட்டது ஒரே இடத்தில்தான். தன் காசைப் போட்டு, தானே ராப்பகலாக நின்று எடுத்ததை, டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவனின் கண்ணால் பார்க்க முடிகிறதா? பார்த்து, சரியில்லை என்று பட்டால் அதை ஒத்துக்கொண்டு மறுபடியும் காசை எடுத்து வைக்க மனசு வருகிறதா? எனக்குத் தெரிந்து பத்தில் ஒன்பது பேருக்கு வராது.

செட்டியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1945-ல் 'ஸ்ரீவள்ளி' எடுக்கிறார். டி.ஆர். மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மிணி வள்ளி. அந்தக் காலத்தில் பெரும்பாலும் நடிப்பவர்கள்தான் பாடவும் வேண்டும், ருக்மிணியும் பாடித்தான் நடித்தார். படம் முடிந்து போட்டுப் பார்த்தால், மகாலிங்கத்தின் குரலுக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பாட்டு எடுபடவில்லை. வேறு யாராக இருந்தாலும், "பொண்ணு அழகா இருக்கு, நடிப்பு நல்லாயிருக்கு, ஜனங்க கண்டுக்க மாட்டாங்க" என்று பெட்டியைக் கட்டி அனுப்பியிருப்பார்கள். இவர் பி.ஏ. பெரியநாயகியை அழைத்து, ஏற்கெனவே எடுத்து முடித்த படத்தில் ருக்மிணியின் வாயசைவுக்கு ஏற்றபடி பாடவைத்துப் பாட்டை மாற்றினார். இன்றைக்கு இருக்கிற எந்த வசதியும் இல்லாத காலம் அது. படம் பெரிய வெற்றி.

அவருக்கு அந்தக் காது எங்கிருந்து வந்தது? சினிமாவுக்கு வருமுன்னே சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று கிராமபோன் இசைத்தட்டு வியாபாரம். எந்தக் குரல் விலைபோகும், எது அலமாரியிலேயே தூசி படிந்து கிடக்கும் என்று கடையில் நின்று கற்றுக்கொண்ட ஆள். அதனால்தான் 1938-ல் 'நந்தகுமார்' படத்திலேயே ஒருவர் நடிக்க இன்னொருவர் பின்னணி பாடும் முறையைத் தமிழில் கொண்டுவந்தார். 1944-ல் கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ் பேசவைத்து வெளியிட்டாரே, அதுவும் இதே ஒலி வித்தையின் அடுத்த படி. வெளியிலிருந்து பார்த்தால் காலத்துக்கு முந்தி ஓடியவர் மாதிரி தெரியும். உள்ளே பார்த்தால் கையில் இருந்த ஒரே தொழிலை ஒவ்வொரு படியாக நீட்டிக்கொண்டு போனவர்.

இன்னொன்று சொல்கிறேன், அந்த முதலீட்டாளரிடம் சொல்லலாம். போர்க்காலக் கட்டுப்பாட்டால் சென்னையில் புது ஸ்டுடியோவுக்கு மின்சாரம் கிடைக்கவில்லை. செட்டியார் காரைக்குடிக்குப் போய்க் கொட்டகை போட்டு ஸ்டுடியோ ஆரம்பித்தார். அங்கே எடுத்ததுதான் 'நாம் இருவர்'. 1947 பொங்கலுக்கு வந்தது. "ஆடுவோமே, பள்ளுப் பாடுவோமே, ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று" என்ற பாரதி பாட்டு அதில் டி.கே. பட்டம்மாள் குரலில் வருகிறது. சுதந்திரம் வந்தது ஆகஸ்டில்! அஞ்சு வருஷம் அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, தியேட்டருக்கு வரும் ஜனங்கள் அடுத்த ஆறேழு மாதத்தில் எதைக் கேட்டுக் கை தட்டுவார்கள் என்று தெரிந்திருந்தது.

பெயர் சொல்ல விரும்பாத என் பழைய முதலாளி ஒருவர் இருந்தார். பிரிவியூ தியேட்டரில் சோபாவில் உட்கார மாட்டார். திரைக்குப் பக்கத்தில் ஓரமாக ஒரு மர ஸ்டூல் போடச் சொல்லுவார். படத்துக்கு முதுகு, ஆட்களுக்கு முகம். வரவழைப்பது விநியோகஸ்தர்களை இல்லை. ஃபிலிம் கழுவும் லேபில் வேலை பார்ப்பவர்களின் வீட்டுப் பெண்கள், கார் டிரைவர்கள், டீ கொண்டுவரும் பையன்கள். கையில் பென் டார்ச், மடியில் ஒரு நோட்டு. யாராவது இருமினால், புடவைத் தலைப்பைச் சரிசெய்தால், பக்கத்து ஆளிடம் ஏதாவது கேட்டால், உடனே ரீல் நம்பரைக் குறித்துக்கொள்வார். "நல்ல சீன்ல யாருக்கும் இருமல் வராதுய்யா" என்பார். படம் முடிந்ததும் எப்படி இருக்கு என்று ஒருவரிடமும் கேட்க மாட்டார். முதலாளி கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதானே சொல்வார்கள்! மறுநாள் காலை அந்த நோட்டோடு எடிட்டிங் ரூமுக்குப் போய்விடுவார். ஒரு முறை செட்டு போட்டு எடுத்த முழுப் பாட்டையே தூக்கினார். டைரக்டர் பேச்சு வார்த்தையை நிறுத்திவிட்டார். படம் ஓடியது, டைரக்டரும் பேச ஆரம்பித்தார்.

அந்த ஆளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. அன்றைய ஷூட்டிங் முடிந்து பேக்-அப் சொன்னதும் லைட்மேன் பேட்டாவைக் கையில் வாங்கிய பிறகுதான் இவர் காரில் ஏறுவார். இதைத் தலைமைப் பண்பு என்று எந்தக் கட்டுரையிலும் எழுதமாட்டார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு இன்னும் ஒரு ஷாட் என்று கேட்டால், அவர் யூனிட்டில் ஒருத்தர்கூட முனகியதில்லை.

---

செவ்வாய்ப்பேட்டை_செல்வம்:

மாமா சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். எடுத்ததைத் திருப்பி எடுப்பது பணம் புரளும் இடத்தில் நடக்கும். எங்கள் ஊர் ஆள் டி.ஆர். சுந்தரம் போன வழி வேறு. அவர் லீட்ஸுக்குப் போய் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தவர். 1935-ல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஆரம்பித்தபோது ஸ்டுடியோவை ஒரு மில் மாதிரியே நடத்தினார். தளம், லேப், நடிகர், எழுத்தாளர், டெக்னீஷியன் எல்லாம் ஒரே வளாகத்துக்குள். பலருக்கும் மாதச் சம்பளம். மணி அடித்தால் வேலை. பெரிய நடிகராக இருந்தாலும் நேரத்துக்கு வரவேண்டும். கண்டிப்புக்காரர் என்று ஊரெல்லாம் பெயர்.

இதில் தொலைநோக்கு எங்கே என்று கேட்பீர்கள். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்', 1938, அவர் தயாரித்தது. தமிழில் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956, அவருடையது. மலையாளத்தின் முதல் வண்ணப்படம் 'கண்டம்பெச்ச கோட்டு', 1961, அதுவும் அவருடையதே. எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கக்காரரை அழைத்து வந்து 'மந்திரி குமாரி' எடுக்க வைத்தார். இத்தனை 'முதல்'களைச் செய்ய அவரால் எப்படி முடிந்தது? மற்ற படங்கள் எல்லாம் போட்ட பட்ஜெட்டுக்குள், சொன்ன தேதிக்கு முடிந்ததால்தான். ஒழுங்கு இருந்தால்தான் சூதாட்டத்துக்குக் கையில் காசு மிஞ்சும்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். 1963-ல் அவர் போனபின் மகன் காலத்தில் சில வருஷம் ஓடியது, அப்புறம் இறங்கிவிட்டது. ஏற்காடு ரோட்டில் இன்றைக்கு அந்த நுழைவு வளைவுதான் இருக்கிறது, போகிறவர்கள் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாக் கயிறும் ஒரே கையில் இருந்தால் இப்படித்தான் ஆகும் என்பது என் எண்ணம்.

---

வவுச்சர்_மாமா:

செல்வம் தம்பி சொல்வது சரி. பேட்ச் வொர்க் பேட்ச் வொர்க் என்று, எடுத்ததையே ஒட்டுப்போட்டு மறுபடி எடுக்கச் சொல்லியே ஃபைனான்சியரைக் கொன்ற கம்பெனிகளும் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வாசன் என்ற ஆளை வைத்துப் பார்த்தால் ஒழுங்குக் கணக்கு இடிக்கும்.

தீப்பிடித்து ஏலத்துக்கு வந்த ஸ்டுடியோவைச் சுமார் 86 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்து ஜெமினி என்று பெயர் வைத்தவர் அவர். அதற்கு முன்னால் 1928-ல் ஆனந்த விகடனை வாங்கி, குறுக்கெழுத்துப் போட்டியெல்லாம் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோனவர். 'சந்திரலேகா'வை அவர் தொடங்கி முடிப்பதற்குள் ஏறக்குறைய ஐந்து வருஷம். நடுவில் டைரக்டர் மாறி வாசனே இயக்கினார். சர்க்கஸ் வந்தது, முரசு நடனம் வந்தது, செலவு 30 லட்சத்தைத் தொட்டது என்பார்கள். 1948 ஏப்ரலில் வெளியானது. ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள், ஆனால் போட்ட பணம் தமிழில் மட்டும் திரும்பாது. அதே டிசம்பரில் இந்தியில் கொண்டுபோய் இறக்கினார். வட இந்தியாவே பார்க்காத அளவுக்கு விளம்பரம். சென்னையில் எடுத்த படம் நாடு முழுக்க ஓடும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்திச் சந்தையை முன்னாலேயே கணக்குப் போட்டு எடுத்தாரா, செலவு கழுத்தை நெரித்ததும் வேறு வழி தேடினாரா? இரண்டாவதுதான் என்பது என் கட்சி. அதனால் அவர் மதிப்பு குறையவில்லை. நெரிக்கும்போது பட்ஜெட்டைச் சுருக்காமல் சந்தையைப் பெரிதாக்கத் தோன்றியதே! செல்வத்தின் ஒழுங்கு இருக்கும் ஆளுக்கு அது தோன்றியிருக்காது.

---

யாழினி_திரை:

மிக்க நன்றி சார், செல்வம் அண்ணா. ஆனால் இரண்டு சந்தேகம். ஒன்று, எடுத்ததைத் திருப்பி எடுக்க எங்களிடம் காசு கிடையாது. இரண்டு, ஒவ்வொருத்தர் இருமுவதையும் பார்த்து வெட்டிக்கொண்டே போனால் நமக்கென்று ஒரு பிடிவாதம் வேண்டாமா? எல்லோரும் வேண்டாம் என்று சொன்ன ஒன்றுதானே கடைசியில் பெரிதாக ஜெயிக்கிறது?

---

வவுச்சர்_மாமா:

முதல் கேள்விக்கு: காசில்லாதவர்கள் பேப்பரில் திருப்பி எடுக்க வேண்டும். வாசன் மாதச் சம்பளம் கொடுத்துக் கதை இலாகா என்று தனியாக வைத்திருந்தார். கொத்தமங்கலம் சுப்பு மாதிரி ஆட்கள் அதில் இருந்தார்கள். காட்சியைப் பேசிப் பேசித் தீர்ப்பதுதான் வேலை. நீங்கள் அவ்வளவு பண்ண வேண்டாம். உங்களுக்குச் சம்பந்தமில்லாத நாலு பேரை உட்காரவைத்து ஸ்கிரிப்டை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். செல்போனை யார் எப்போது எடுக்கிறார் என்று மட்டும் பாருங்கள். இப்போதெல்லாம் இருமலுக்குப் பதில் அதுதான்.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. அதற்கும் செட்டியார் கதையே இருக்கிறது, ஆனால் இதில் அவர் ஜெயித்த கட்சி இல்லை. 'பராசக்தி'க்கு வேலூர் நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியாரும் ஏவி.எம்மும் கூட்டு. நாடகத்திலிருந்து வந்த ஒல்லியான பையனைக் கதாநாயகனாகப் போட்டது பெருமாள். கொஞ்சம் படம் எடுத்ததும் செட்டியாருக்குப் பையன் மேல் நம்பிக்கை போய்விட்டது. நடிகர் கே.ஆர். ராமசாமியை வைத்து எடுக்கலாம் என்றார். பெருமாள் ஒரே பிடியாக நின்றார், மாற்ற மாட்டேன் என்று. செட்டியார் தன் ஸ்டுடியோ, தன் பணம் என்று முறுக்கிக்கொள்ளவில்லை. பையன் உடம்பு தேறட்டும் என்று விட்டு, ஆரம்பத்தில் எடுத்த காட்சிகளை மறுபடி எடுத்தார்கள். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. அந்தப் பையன் யார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சிவாஜி தன் கடைசிக் காலம் வரை பொங்கலுக்கு வேலூர் போய்ப் பெருமாள் வீட்டில் வணங்கிவிட்டு வந்தார்.

ஆக, பிடிவாதம் இருக்கட்டும். ஆனால் உங்கள் பிடிவாதத்தை எதிர்த்துப் பேசுகிற ஆள் ஒருவர் பங்காளியாக இருக்க வேண்டும், சம்பளக்காரராக இல்லை. சம்பளக்காரர் இரண்டு தடவை சொல்வார், மூன்றாவது தடவை தலையாட்டிவிட்டு டிபன் சாப்பிடப் போய்விடுவார்.

---

அனிமேஷன்_அரசு:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். மாமா சொன்ன அந்தப் பங்காளிக்கு வால்ட் டிஸ்னி நல்ல உதாரணம். எல்லோருக்கும் வால்ட்டைத்தான் தெரியும். கணக்கையும் வங்கியையும் பார்த்துக்கொண்டது அண்ணன் ராய். முழுநீளக் கார்ட்டூன் படத்தை எவன் உட்கார்ந்து பார்ப்பான் என்று ஹாலிவுட்டே சிரித்தபோது, 1937-ல் வந்த 'ஸ்னோ ஒயிட்'டுக்குச் சுமார் 15 லட்சம் டாலர் செலவானது. அதற்கு வங்கிக் கடன் புரட்டியது ராய். 1966-ல் வால்ட் இறந்தபின், ஓய்வு பெற வேண்டிய வயதில் ராய் இருந்து புளோரிடா பூங்காவை 1971-ல் திறந்து வைத்தார். தம்பி பெயரை முன்னால் போட்டு 'வால்ட் டிஸ்னி வேர்ல்ட்' என்று அழைக்கச் சொன்னதும் அவர்தான்.

அதே வால்ட்டுக்கு 1941-ல் சொந்த அனிமேட்டர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள், சம்பள விஷயத்திலும் திரையில் பெயர் போடும் விஷயத்திலும். அதை அவர் துரோகமாகவே எடுத்துக்கொண்டார். மாமாவின் முதலாளி லைட்மேனுக்குப் பேட்டா கொடுத்த கதையைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

---

பாக்ஸ்ஆபீஸ்_பாண்டி:

நான் சொன்ன காபியும் அந்த அண்ணன் ராய்தான் போட்டுக் கொடுத்திருப்பார் போல.

---

யாழினி_திரை:

பாண்டி அண்ணா 🙂

எங்கள் மூன்று பேரில் ஒருத்தி கணக்கு பார்க்கிறாள். முதலீட்டாளர் முன்னாலேயே, "ரெண்டாவது எபிசோடு கொஞ்சம் இழுவைதான் சார்" என்று சொல்லிவிட்டாள். வெளியே வந்ததும் நானும் இன்னொரு நண்பனும் அவளோடு பெரிய சண்டை. மாமா சார் எழுதியதை மூவர் குரூப்பில் போட்டேன். அவள் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினாள்.

---

வவுச்சர்_மாமா:

அந்தப் பொண்ணை விட்டுடாதீங்கம்மா. முதலீட்டாளர் மறுபடி லீடர் யார் என்று கேட்டால் நீங்கள் உட்காருங்கள், பரவாயில்லை. ஆனால் செக்கில் இரண்டு கையெழுத்து என்று வைத்து, ஒன்று அவளுடையதாக இருக்கட்டும். எபிசோடு வெளியே போகுமுன் அவள் பார்த்துச் சரி சொல்லவேண்டும் என்பதையும் உங்களுக்குள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், சினேகிதம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

முதலீட்டாளரோடு போடும் அக்ரிமெண்டில் உரிமை யாருக்கு என்ற பக்கத்தை வக்கீலை வைத்து வரி வரியாகப் படியுங்கள். படத்தின் மொத்த உரிமையை எங்கள் காலத்தில் நெகட்டிவ் ரைட்ஸ் என்போம். இப்போது கதாபாத்திரம், ரீமேக், டப்பிங், இரண்டாம் சீசன் என்று கிளை கிளையாக இருக்கிறது. அரசு தம்பி எழுதிய அதே டிஸ்னி, 1928-ல் தான் உருவாக்கிய ஆஸ்வால்டு என்ற முயலையே இழந்தார். உரிமை பட நிறுவனத்திடம் இருந்தது, அவரிடம் இல்லை. மிக்கி மவுஸ் அதற்கப்புறம் வந்ததுதான்.

பணம் குறைவாகக் கொடுத்தாலும் பரவாயில்லை, இரண்டாம் சீசனைக் கேட்டு வாங்கி உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

---

யாழினி_திரை:

எங்களுக்கு வந்த டிராஃப்டை இப்போதுதான் திறந்து பார்த்தேன் சார். "அனைத்துத் தொடர்ச்சிகளும்" என்று ஏழாவது பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, அவர் பக்கம். திங்கட்கிழமை வக்கீலிடம் போகிறோம், மூன்று பேருமாக.